இன்டென்ஷன்: இழுத்துக் கட்டிய ஒரு சொல்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் நாலைந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒரு பெண் சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். போன சனிக்கிழமை அவள் எழுதி எடுத்துவந்த ஒன்றரைப் பக்கத்தில் ‘இன்டென்ஷன்’ என்ற சொல் பதினொரு இடத்தில் வந்தது. பதினொன்றிலும் எழுத்துப் பிழை. கடைசியில் டீ-ஐ-ஓ-என் வர வேண்டிய இடத்தில் எஸ்-ஐ-ஓ-என் போட்டிருந்தாள்.

“டென்ஷனுக்கு எஸ்தானே சார்? அதே மாதிரிதானே இதுவும் முடியுது?” என்றாள்.

நான் அதற்குள் பதினொரு சிவப்பு வட்டம் போட்டு முடித்திருந்தேன். போட்டபிறகுதான் யோசித்தேன். பரீட்சையில் இது பிழைதான், மார்க் போகும். ஆனால் அவள் கை தெரியாமலேயே ஒரு உண்மையைத் தொட்டிருந்தது. டென்ஷனும் இன்டென்ஷனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இந்த ஒரு சொல்லையே பிரித்துப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் பொருள். இன்டெண்ட் என்பது வினைச்சொல்: ஒன்றைச் செய்வதாக மனசில் முடிவு கட்டி வைத்திருப்பது. இன்டென்ஷன் அதன் பெயர்ச்சொல். இன்டென்ஷனல் என்றால் தெரிந்தே, வேண்டுமென்றே செய்தது. கடைசி எழுத்தை அழுத்திச் சொல்கிற இன்டென்ட் என்று இன்னொரு குட்டிச் சொல் உண்டு. அதற்கும் கிட்டத்தட்ட இதே பொருள்தான், கோர்ட்டு வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலாக அடிக்கும்.

ஆசையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாளைக்கு மழை வர வேண்டும் என்று ஆசைப்படலாம். மழை வரவைப்பதாக இன்டெண்ட் பண்ண முடியாது. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் விலை குறைய வேண்டும் என்பது ஆசை. விடியுமுன் எழுந்து போய் ஏலத்திலேயே வாங்கிவிடுவது என்று ராத்திரி முடிவு செய்து அலாரம் வைப்பது இன்டென்ஷன். காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் ராத்திரி இருந்தது இன்டென்ஷன்தான். ஆங்கிலத்தில் ‘ஐ இன்டெண்டட் டு கம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் வரவில்லை என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். நம்மூரில் “வரணும்னுதான் இருந்தேன்” என்று இழுக்கிறோமே, அச்சு அசல் அதுதான்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லை யாரும் அகராதி பார்த்துக் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் எல்லார் வாயிலும் புழங்குகிறது. “அவன் இன்டென்ஷனே சரியில்ல”, “நான் அந்த இன்டென்ஷன்ல சொல்லலப்பா” என்று ஆட்டோ ஸ்டாண்டிலும் கேட்கலாம், கல்யாணப் பேச்சிலும் கேட்கலாம். கவனித்துப் பாருங்கள், ஏதாவது சந்தேகம் வந்தால்தான் இந்தச் சொல்லும் வெளியே வரும். நல்ல இன்டென்ஷனோடு ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சரி, இது எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘டெண்டெரே’ என்று ஒரு வினைச்சொல். இழு, நீட்டு, விறைப்பாக்கு என்று பொருள். முன்னால் ‘இன்’ சேர்த்தால் ‘இன்டெண்டெரே’: ஒன்றை நோக்கி நீட்டி இழுத்தல். வில்லின் நாணை இழுத்து வளைப்பதற்கு ரோமானியர்கள் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அப்புறம் அதே வினையை மனத்தோடு சேர்த்தார்கள். மனத்தை ஒன்றின்மேல் இழுத்துப் பிடிப்பது என்றால் அதில் கவனத்தைச் செலுத்துவது. ஆக, கையால் செய்த வேலைக்கான சொல் மெல்ல மனசு செய்கிற வேலைக்கும் பெயரானது.

இதை வெறும் வாயால் சொன்னால் ஏறாது என்று தோன்றியது. பக்கத்து மாடியில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் காத்தாடி விட்டுக்கொண்டிருந்தான். கையை அறுக்கிற மாஞ்சா போடாத சாதா வெள்ளை நூல், அதனால்தான் தைரியமாகக் கேட்டேன். கைப்பிடிச் சுவருக்கு மேலாக நூலை அவளிடம் கொடுத்தான். கொடுத்த கையோடு உபதேசமும் ஆரம்பித்தான்: “அக்கா, லூஸ் விடாதீங்க! டைட்டா பிடிங்க, அப்பதான் நீங்க சொல்ற பேச்சு கேக்கும்.”

சாயங்காலக் கடல்காற்று ராயபுரம் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. நூல் விறைப்பாக இருந்தவரை அவள் சுட்டுவிரல் அசைந்தால் நூறடிக்கு அந்தப் பக்கம் காத்தாடி தலையைத் திருப்பியது. விரலில் நூல் லேசாக அதிர்வதும் தெரிந்தது. காற்று ஒரு நொடி நின்றது. நூல் நடுவில் தொய்ந்து வளைந்தது. அவ்வளவுதான், கையில் நூல் இருந்தும் காத்தாடி தன் இஷ்டத்துக்குத் தலைகீழாக இறங்கியது. பையன் பதறிப்போய் நூலைப் பிடுங்கிக்கொண்டான்.

கைக்கும் காத்தாடிக்கும் நடுவே இருந்த அந்த விறைப்புதான் இன்டென்ஷன் என்ற சொல்லுக்குள் இருக்கிற படம். நூல் ஒரு முனையில் நம் கையில், மறுமுனையில் இலக்கு. ஆசை என்பது வானத்தில் பறக்கிற காத்தாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பது. இன்டென்ஷனுக்குக் கையில் நூல் வேண்டும், அதுவும் தொய்வில்லாமல்.

லத்தீன் சொல் பிரெஞ்சுக்குள் போய், அங்கிருந்து 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது ‘எ’ ஒலியில் ‘என்டெண்ட்’ என்பதுபோல இருந்து, பிறகு லத்தீன் சாயலுக்கே திரும்பி ‘இன்டெண்ட்’ ஆனது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சில் தங்கிவிட்ட அதே சொல் வேறு வழியில் போய்விட்டது. இன்றைய பிரெஞ்சில் ‘ஆந்தாந்த்ர்’ என்றால் காதால் கேட்பது. ஸ்பானிஷில் ‘என்டெண்டெர்’ என்றால் புரிந்துகொள்வது. காதை ஒரு பக்கம் நீட்டினால் கேட்பது, மூளையை நீட்டினால் புரிந்துகொள்வது, காரியத்தை நோக்கி நீட்டினால் உத்தேசிப்பது. ஒரே அம்மாவின் மூன்று பிள்ளைகள் மூன்று ஊரில் குடியேறிய கதை.

இந்தக் குடும்பத்தின் மற்ற உறவுகளை நமக்கு நன்றாகவே தெரியும். டென்ஷன் என்றால் இழுபட்ட நிலை. “டென்ஷன் ஆவாதபா” என்று சொல்லாத வீடு வடசென்னையில் கிடையாது. அட்டென்ஷன் என்றால் ஒன்றன்பக்கம் நீளுவது, என்.சி.சி. அணிவகுப்பில் அந்தக் குரல் கேட்டதும் உடம்பே நாண்போல் விறைக்கிறதே! எக்ஸ்டென்ஷன் என்றால் வெளியே நீட்டுவது. ஊருக்கு வெளியே நீண்டுகொண்டே போகிற புதுநகருக்கும் அந்தப் பெயர், கரண்ட் எடுக்க நாம் இழுக்கிற வயர் பெட்டிக்கும் அந்தப் பெயர். டென்ட் என்றால் இழுத்துக் கட்டிய துணி. டென்ட் கொட்டாயில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறது. ப்ரிடெண்ட், அதாவது பாசாங்கு செய்வது, சொல்லளவில் முன்னால் ஒரு திரையை இழுத்துக் கட்டுவது. ஐ.சி.யூ.வில் இருக்கிற ‘இன்டென்சிவ்’ இழுவையின் உச்சம்.

டெண்டர் என்ற சொல்லைச் சொன்னால் அவளே நம்பவில்லை. துறைமுகத்திலும் மாநகராட்சியிலும் டெண்டர் விடுகிறார்களே, அது பிரெஞ்சு வழியாக வந்த அதே ‘டெண்டெரே’தான். கையை நீட்டி ஒன்றைக் கொடுக்க முன்வருவது. எடுப்பவர்கள் கையை நீட்டுவது வேறு கதை, அதற்கு இங்கே இடமில்லை. ஆபீசில் ‘சூப்பிரண்டு’ என்று நாம் சுருக்கிவிட்ட சூப்பரின்டெண்டென்ட் என்ற நீளமான சொல்லை மெதுவாக உச்சரித்துப் பாருங்கள். நடுவில் இன்டெண்ட் முழுசாக உட்கார்ந்திருக்கிறது! மேலிருந்து கவனத்தைச் செலுத்துகிறவர் என்று பொருள்.

கிரேக்கத்திலும் இதே வேருக்குக் கிளைகள் உண்டு. பள்ளியில் படித்த ஹைபாட்டனூஸ், நம் கணக்குப் புத்தகத்தில் கர்ணம், செங்கோணத்துக்கு எதிரே இழுத்து நீட்டிய கோடு. உடம்பைத் தொய்வில்லாமல் வைப்பதாக விற்கப்படுகிற டானிக் அங்கிருந்து வந்தது. டெட்டனஸும் அப்படியே, தசைகள் விறைத்து இழுத்துக்கொள்கிற நோய். தமிழில் அதற்குத் தனுர்வாதம் என்று ஒரு பெயர் உண்டு. தனுசு என்றால் வில். நோயாளியின் உடம்பு வில்லாக வளைவதை இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே பார்த்திருக்கிறார்கள். ஒருவர் இழுப்பைப் பெயராக்கினார், இன்னொருவர் வளைவைப் பெயராக்கினார்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் மூன்றும் ஒரே பழைய மொழியிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலில் நிலைபெற்ற கருத்து. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786இல் இந்த உறவைப் பற்றிப் பேசியது புகழ்பெற்றது. அந்தப் பழைய மொழியில் ‘டென்’ என்பது இழு, நீட்டு என்ற பொருளுள்ள வேர் என்று கணித்திருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் அது ‘தன்’. அதிலிருந்து வந்தது தந்தி. வீணையில் இழுத்துக் கட்டிய கம்பி தந்தி. அப்புறம் கம்பி வழியாகச் செய்தி போனபோது அந்தச் செய்திக்கும் தந்தி என்றே பெயர் வைத்தோம். அரசாங்கத் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது, பத்திரிகைப் பெயரில் மட்டும் தந்தி இன்னும் தினமும் வருகிறது.

தந்திரம் என்ற சொல்லும் இதே வேர். இன்றைக்கு அதற்குச் சூழ்ச்சி என்று பொருள். பழைய சமஸ்கிருதத்தில் தறி, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், அதாவது நெசவாளிகள் சொல்கிற பாவு. பாவு இல்லாமல் துணி இல்லை. அதனால் எந்தக் காரியத்துக்கும் அடிப்படையான அமைப்புக்கு அந்தப் பெயர் வந்து, தமிழில் கடைசியில் நரியின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திருவொற்றியூர் காலடிப்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் ஞாபகம் வரும். அந்தப் பேட்டை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னராக இருந்த காலெட் பெயரில் நெசவாளிகளைக் குடியேற்றிய இடம். காலெட் நம் வாயில் காலடி ஆகிவிட்டார். வண்ணாரப்பேட்டையும் துணி வெளுக்கிற தொழிலால் உண்டான ஊர்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்கே வந்ததே இந்த நூலுக்கும் துணிக்கும்தானே!

சந்ததி, சந்தானம், விதானம் எல்லாம் இதே இழையில் வருபவை. அறுபடாமல் நீண்டுகொண்டே போவது சந்ததி. தலைக்கு மேல் விரித்து இழுத்துக் கட்டியது விதானம். அதனால் டென்ட்டும் விதானமும் ஒருவகையில் பங்காளிகள்.

இங்கே ஒரு நிறுத்தம் போட வேண்டும். இப்படி ஒன்றிரண்டு சொல் ஒத்துப்போனவுடன் ‘ஆங்கிலமே நம்மிடமிருந்து வந்ததுதான்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். மேலே சொன்னவை சமஸ்கிருதத்திலிருந்து தமிழ் கடன் வாங்கிய சொற்கள். தமிழ் வேறு குடும்பம். அதை முதன்முதலில் சான்றுகளோடு எழுதியதே நம்மூர்க் கலெக்டராக இருந்த எல்லீஸ்தான், 1816இல். கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னால். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் ஏமாந்து போவோம். தொனி என்பதும் ஆங்கில டோன் என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும், பொருளும் பக்கத்தில்தான். ஆனால் தொனி வந்தது ‘த்வனி’யிலிருந்து, டோன் வந்தது கிரேக்கத்தின் இழுத்த நாணிலிருந்து. சொந்தமே கிடையாது. சற்றுமுன் பார்த்த தனுசுகூட இந்த ‘தன்’ குடும்பம் இல்லை.

அப்படியானால் இன்டென்ஷனுக்குத் தமிழின் சொந்தச் சொல் என்ன? பல இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து கிளம்புகிறது. நோக்கம் கண்ணிலிருந்து வருகிறது. நோக்குதல் என்றால் பார்த்தல். குறிக்கோள் குறியிலிருந்து, அதாவது அடிக்க வேண்டிய அடையாளத்திலிருந்து. எண்ணம், எண்ணுவதிலிருந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் எண்ணிப்பார்ப்பதும் நமக்கு ஒரே வினை. லத்தீன்காரன் நடுவில் இருந்த நாணைப் பார்த்துப் பெயர் வைத்தான். நாம் ஒரு முனையில் கண்ணையும் மறுமுனையில் குறியையும் பார்த்துப் பெயர் வைத்தோம். எனக்கு இதில் நோக்கம்தான் பிடிக்கும், ஆனால் தெருவில் உயிரோடு இருப்பது எது என்று கேட்டால் ‘வேணும்னே’தான். “வேணும்னே இடிச்சான்” என்பதில் உள்ள கோபத்தை எந்தக் கலைச்சொல்லும் கொண்டுவராது.

உத்தேசம் என்ற சொல்லின் கதி இன்னும் தமாஷானது. சமஸ்கிருதத்தில் சுட்டிக்காட்டுவது என்ற பொருளிலிருந்து வந்தது. நோக்கம் என்றே நாமும் எடுத்துக்கொண்டோம். “ஊருக்குப் போக உத்தேசம்” என்று பழைய கடிதங்களில் எழுதுவார்கள். இப்போது கொத்தனாரிடம் “உத்தேசமா எவ்வளவு ஆகும்?” என்றுதான் கேட்கிறோம். குறி பார்த்து அடிக்கிற சொல், குத்துமதிப்புக்குப் பெயராகிவிட்டது. கொத்தனார் சொன்ன உத்தேசத்தில் எந்த வீடும் முடிந்ததில்லை என்பதால் இந்த மாற்றம் நியாயம்தான்.

ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் செத்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்க்கலாம். என் தங்கை மகனுக்கு உள்ளங்கையில் கண்ணாடி கிழித்து, ஸ்டான்லியில் தையல் போட்டார்கள். அங்கே ஒரு பயிற்சி டாக்டர் இன்னொருவரிடம், காயம் ‘பிரைமரி இன்டென்ஷன்’ முறையில் ஆறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காயத்துக்கு என்ன நோக்கம் என்று எனக்கு அன்றைக்குக் குழப்பம். வீட்டுக்கு வந்து தேடினால், பழைய மருத்துவத்தில் இன்டென்ஷன் என்றால் சிகிச்சையின் குறி, வைத்தியர் எதை அடையப் பார்க்கிறார் என்பது. வெட்டுப்பட்ட இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துத் தைத்து நேராக ஒட்டவைப்பது முதல் இன்டென்ஷன். சதை விட்டுப்போய் ஓரங்களைச் சேர்க்க முடியாதபோது, காயத்தைத் திறந்தே வைத்து அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து மூடுமாறு விடுவது இரண்டாவது. பையன் கையில் இப்போது ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் இருக்கிறது. வைத்தியரின் நோக்கத்துக்கு வைத்த பெயர் நாளடைவில் காயம் ஆறுகிற முறைக்கே பெயராகிவிட்டது.

நரம்பு டாக்டர்களிடம் ‘இன்டென்ஷன் ட்ரெமர்’ என்று ஒன்று உண்டு. கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது நடுக்கம் இருக்காது. மூக்கைத் தொடு, அப்புறம் என் விரலைத் தொடு என்று டாக்டர் சொல்வார். கை இலக்கை நோக்கிக் கிளம்பும், நெருங்க நெருங்க நடுக்கம் அதிகமாகும். சிறுமூளையில் கோளாறு இருந்தால் இப்படி ஆகும். கை ஒரு குறியை நோக்கி நீளும்போது வருகிற நடுக்கம் என்பதால் அந்தப் பெயர். லத்தீன் சொல்லின் உயிர் அப்படியே அந்த நீண்ட கையில் இருக்கிறது.

அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது சட்டம்தான். “இதெல்லாம் சரி சார், பரீட்சைக்கு இன்டென்ஷனும் நாலெட்ஜும் மோட்டிவும் வேற வேறன்னு எழுதணும். எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றாள். மறுபடியும் பக்கத்து மாடி நூலைத்தான் காட்டினேன், இந்தத் தடவை மாஞ்சா நூலாக நினைத்துக்கொள்ளச் சொல்லி.

மாஞ்சா என்றால் தெரியாதவர்களுக்கு: கண்ணாடித் தூளையும் பசையையும் சேர்த்து நூலில் பூசிக் காயவைப்பது. அடுத்தவன் காத்தாடியை அறுப்பதற்காக. அந்த நூல் பாலத்தின் குறுக்கே விழுந்து, பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிர் போயிருக்கிறது. அதனால்தான் சென்னையில் அதற்குத் தடை. இப்போது ஒருவன் மாஞ்சா விடுகிறான், ஒருவர் கழுத்து அறுபட்டு இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் இன்டென்ஷன் எது? அடுத்த மாடிக் காத்தாடியை அறுப்பது. நூல் நீண்டிருந்தது அதை நோக்கி. பாலத்தில் வருகிறவரை அவனுக்குத் தெரியவே தெரியாது, கொல்லும் இன்டென்ஷன் இல்லை. ஆனால் இந்த நூல் கழுத்தை அறுக்கும், ஆள் சாகக்கூடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் விட்டான் என்றால் அதுதான் நாலெட்ஜ். தெரிந்திருக்க வேண்டும், ஆனால் யோசிக்காமல் அஜாக்கிரதையாக விட்டான் என்றால் அது இன்னும் ஒரு படி கீழே.

சட்டம் இந்தப் படிகளுக்குத் தகுந்தாற்போலத் தண்டனையைப் பிரித்து வைத்திருக்கிறது. மெக்காலே தலைமையில் வரைவு போட்டு 1860இல் இயற்றி, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலையாகாத மரணத்துக்குப் பிரிவு 304. அதில் இன்டென்ஷனோடு செய்தது ஒரு பகுதி, இன்டென்ஷன் இல்லாமல் நாலெட்ஜ் மட்டும் இருந்தது மறுபகுதி. மெட்ராஸ் ஹைகோர்ட் தொடங்கியதும் அதே 1862தான், ஆக இரண்டுக்கும் ஒரே வயசு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 304 இப்போது 105. முதல் வகைக்கு ஆயுள் அல்லது 5 முதல் 10 வருஷம், இரண்டாம் வகைக்கு 10 வருஷம் வரை. அஜாக்கிரதையால் மரணம் என்பது 106, அதற்கு 5 வருஷம் வரை. எண்கள் மாறின, இன்டென்ஷனுக்கும் நாலெட்ஜுக்கும் நடுவே போட்ட கோடு மாறவில்லை.

மோட்டிவ் வேறு சங்கதி. அது லத்தீனில் ‘நகர்த்து’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பின்னாலிருந்து தள்ளுவது மோட்டிவ். முன்னால் இருப்பதை நோக்கி நீள்வது இன்டென்ஷன். சொத்துத் தகராறு, பழைய பகை, பொறாமை எல்லாம் தள்ளுகிற கைகள். தள்ளினாலும் ஒருவன் நகராமல் நிற்கலாம். அப்போது குற்றம் இல்லை. யாரும் தள்ளியதாகக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், கத்தி நேராக நெஞ்சை நோக்கிப் போயிருந்தால் குற்றம் குற்றம்தான்.

“மனசுக்குள்ள இருந்ததை ஜட்ஜ் எப்படி சார் பாப்பாரு?” என்று கேட்டாள். இதைவிட நல்ல கேள்வியை நான் அந்த மாடியில் கேட்டதில்லை. பார்க்க முடியாதுதான். நூலைத்தான் பார்ப்பார்கள். என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடத்தில் அடி, ஒரு அடியா ஏழு அடியா, முன்னால் என்ன பேசினான், பின்னால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினானா, ஓடி ஒளிந்தானா. காத்தாடி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நூல் எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது என்பதை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாமே, அந்த மாதிரி.

கேரம் போர்டுக்கு இந்தக் கவலையே கிடையாது. புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் தெருவில் போர்டைச் சுற்றிக் கூட்டம் அதிகம். அங்கே நீங்கள் ஒரு காயைக் குறிவைத்து, அது தவறி, உங்களுடைய வேறு காய் தற்செயலாகக் குழியில் விழுந்தாலும் கணக்கு கணக்குதான். “குருட்டுல விழுந்துச்சு” என்று நாலு பேர் கத்துவார்கள், காயை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். விழுந்ததா என்பதுதான் கேள்வி, விழவைக்க நினைத்தாயா என்பது இல்லை. ஃபுட்பாலில் பந்து கையில் பட்டால் ரெஃப்ரி, வேண்டுமென்றே பட்டதா என்று பார்ப்பார். வியாசர்பாடி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால், அந்த ஒரு கேள்விக்கு இருபது குரலில் பதில் கிடைக்கும்.

கடைசியில் அந்த ‘எஸ்’ஸுக்கு வந்தோம். டெண்டெரே என்ற வினையிலிருந்து லத்தீனில் இரண்டு வடிவங்கள் கிளைத்தன, ஒன்றில் ‘டீ’, மற்றதில் ‘எஸ்’. அட்டென்ஷனும் இன்டென்ஷனும் முதல் வழி. டென்ஷனும் எக்ஸ்டென்ஷனும் இரண்டாவது வழி. ஆங்கிலம் இரண்டையும் அப்படியே வாங்கிவைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் மார்க்கைக் குறைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ‘எஸ்’ போட்ட இன்டென்ஷன் என்று நிஜமாகவே ஒரு சொல் தர்க்கவியலில் இருக்கிறது. காத்தாடி என்று சொன்னால் காகிதம், குச்சி, நூல், காற்றில் பறப்பது என்று அதற்குரிய தன்மைகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா, அந்தத் தன்மைகளின் தொகுப்பு அது. உலகத்தில் இருக்கிற அத்தனை காத்தாடிகளும் சேர்ந்தது அதன் எக்ஸ்டென்ஷன்.

இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

“அப்போ நான் எழுதினதும் ஒரு வார்த்தைதானே சார்? இந்த ரவுண்டெல்லாம் அடிச்சிடுங்க.”

“நீ அந்த வார்த்தையை நினைச்சா எழுதின?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பக்கத்து மாடியில் பையன் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“இல்ல சார். டென்ஷன்ல எழுதிட்டேன்.”

“அப்போ மிஸ்டேக்குதான்” என்று நோட்டைத் திருப்பித் தள்ளினேன்.